சங்கராந்தியும் எள்ளு-பெல்லமும்

பெங்களூரின் ஈஜிபுரா ஒரு காலத்தில் வேளாண் கிராமம். இன்று அங்கே வயல் இல்லை. அறுவடைத் திருநாளான சங்கராந்தி மட்டும் ஜனவரி 14 அல்லது 15இல் தவறாமல் வருகிறது. கன்னடக் குடும்பங்களின் சிறுமிகள் புத்தாடை உடுத்தி, எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு-பெல்லத்தைத் தட்டில் ஏந்தி வீடு வீடாகச் செல்வர். கூடவே கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் இருக்கும். கேட்டுப் பெறுவதைவிடக் கொடுத்து வாங்குவது இதன் தனி அழகு. பனிக்காலத்தில் எள்ளும் வெல்லமும் உடலுக்குச் சூடு தரும் என்பது மரபான நம்பிக்கை.

முன்பு மரஅச்சில் சர்க்கரைப் பாகு ஊற்றி வீட்டிலேயே வார்த்த பறவை, கோபுர வடிவச் சர்க்கரை அச்சுகள் இப்போது பெரும்பாலும் கடைச்சரக்கு. குழந்தைகள் தின்று மிஞ்சிய அச்சுகளை வீட்டார் பாலிலும் பாயசத்திலும் கரைத்துவிடுவார்கள்.