ஒரு சட்டவரி பிறந்த கதை

1895 ஏப்ரல் 14. மலாயாவின் ஜொகூர் சுல்தான் அபு பக்கர் தம் நாட்டுக்கு எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்புச் சட்டம் தந்தார். அதன் 57-வது பிரிவு, இஸ்லாமே ஜொகூரின் மதம் என்றது. அதே மூச்சில், மற்ற மதத்தாரும் தங்கள் சமயத்தை நாட்டின் எல்லாப் பகுதியிலும் அமைதியோடும் இணக்கத்தோடும் கடைப்பிடிக்கலாம் என்றது. இரண்டே மாதத்துக்குள் சுல்தான் லண்டனில் காலமானார். அவர் கொடுத்த வாக்கு நிற்குமா என்பது இனிதான் தெரியவேண்டியிருந்தது.

வாக்கு நின்றது. ரப்பர் வந்தபோது சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பால்மரம் சீவ வந்தார்கள். லயத்துக்கு அருகே கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கும்பிட்டார்கள். ஆனால் 57-வது பிரிவு ஜொகூர் எல்லையோடு நின்றுவிடும். மலாயா முழுவதற்கும் ஒரே சட்டம் எழுதும் நாள் நெருங்கியது.

1956-ல் அந்தச் சட்டத்தை வரைய ரீட் பிரபு தலைமையில் ஐவர் ஆணையம் அமைந்தது. அம்னோ, மசீச, மஇகா கட்சிகள் சேர்ந்த கூட்டணி அதனிடம் வைத்த கோரிக்கை இது: இஸ்லாம் நாட்டின் மதமாகட்டும், பிற மதத்தாருக்கு எந்தத் தடையும் வேண்டாம். எதிர்ப்பு, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

எதிர்த்தவர்கள் சுல்தான்கள்! தத்தம் மாநிலத்தில் தங்களுக்குள்ள மதத் தலைமை பறிபோகுமோ என்று அஞ்சினார்கள். ஆணையமும் அந்த வரியைச் சேர்க்காமல் விட்டது. ஐவரில் ஒருவர் மட்டும் இணங்கவில்லை.

அவர் பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது. நார்வே, டென்மார்க் உள்ளிட்ட பல நாட்டுச் சட்டங்களைக் காட்டி, இப்படி ஒரு வரி இருப்பதால் யாருக்கும் கேடில்லை என்று தனிக்குறிப்பு எழுதினார். நான்கு பேருக்கு எதிரே ஒற்றைக் குரல். கதை அத்தோடு முடிந்தது போலவே இருந்தது.

1957-ல் ஆணைய அறிக்கையை அலச ஒரு செயற்குழு கூடியது. சுல்தான்களின் மதத் தலைமைக்குக் குந்தகம் வராது என்று கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் தரப்பு உறுதி தர, அவர்கள் இசைந்தார்கள். விடுபட்ட வரி உள்ளே வந்தது.

அதுதான் மலாயா கூட்டரசு அரசியலமைப்பின் 3-வது பிரிவு: இஸ்லாம் கூட்டரசின் மதம், பிற மதங்களையும் அமைதியோடும் இணக்கத்தோடும் எங்கும் கடைப்பிடிக்கலாம். ஜொகூரின் 1895 வாசகத்தின் சாயல் அதில் அப்படியே தெரிகிறது. உடன்வந்த 11-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்தது. முஸ்லிம்களிடையே பிற மதப் பரப்புரையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது.

தோட்டக் கோவில் திருவிழாவில் கரகம் எடுக்கும்போது இந்த வரிகள் யார் நினைவுக்கும் வருவதில்லை. எனினும் எழுதி வைத்ததால் மட்டும் உரிமை வாழ்ந்துவிடாது. பிள்ளைகளை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்று 2018-ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக இந்திரா காந்தி என்ற தமிழ்த் தாய் ஒன்பது ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.