மைபான் திரும்பி வந்த வழி

வெள்ளைக்காரக் கம்பெனிக்காகச் சரக்கு பிடிப்பார், விலை பேசுவார், கடன் கேட்டு வருபவனின் யோக்கியதையை விசாரிப்பார், தான் சேர்த்துவிட்ட ஆட்களுக்கு ஜாமீனும் நிற்பார். அவருக்குச் சீனத்தில் மைபான் என்று பெயர். போர்த்துகீசியர் கொம்ப்ரதோர் என்றார்கள். புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். நாம் துபாஷி என்றோம். 1842இல் நான்கிங் ஒப்பந்தம் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்ட பிறகு மைபான்களுக்குப் பொற்காலம்.

அவர்களில் பேர்போனவர் தாங் திங்ஷூ. மிஷனரிப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். வியாபாரிகளுக்கென்று ஓர் ஆங்கிலப் பயிற்சி நூலும் எழுதியவர். 1863இல் ஜார்டின் மாத்தேசன் என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்துக்கு மைபானாகச் சேர்ந்தார். பத்து ஆண்டு கழித்து அதை விட்டுவிட்டு, சிங் அரசின் பெரிய அதிகாரியான லீ ஹோங்ஜாங் தொடங்கிவைத்த சீன வணிகர் நீராவிக் கப்பல் கம்பெனிக்குத் தலைமையேற்றார். இந்தக் கம்பெனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1926இல் சீனச் சமூக வர்க்கங்களை ஆராய்ந்து எழுதிய மாவோ, எதிரிகளின் வரிசையில் நிலப்பிரபுக்களோடு மைபான்களையும் நிறுத்தினார். 1949க்குப் பிறகு தொழில் போயிற்று. சொல் மட்டும் வசவாக மிஞ்சியது.

1979 ஜனவரி 31 அன்று, ஹாங்காங்கை ஒட்டிய ஷென்ஜெனின் மேற்கு ஓரத்தில், ஷெகோவ் என்ற இடத்தில், 2.14 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு பெய்ஜிங் ஒப்புதல் தந்தது. வெளி முதலீட்டுக்குத் திறந்துவிட்ட முதல் தொழிற்பேட்டை அது. நிலத்தைக் கேட்டு வாங்கியவர் யுவான் கெங். அவர் நடத்திய நிறுவனம், ஹாங்காங்கிலிருந்து இயங்கிய சீன வணிகர் குழுமம். ஆம், தாங் திங்ஷூ தலைமையேற்ற அதே கம்பெனிதான்! துரத்தப்பட்ட மைபான் தன் பழைய வீட்டு வாசல் வழியாகவே உள்ளே வந்ததாக எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அந்த ஜூலையில் கூட்டு முயற்சிச் சட்டம் வந்தது. மொத்தமே 15 பிரிவுகள். வெளிநாட்டவர் பங்கு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தலைவரைச் சீனத் தரப்பே நியமிக்கும் என்றெல்லாம் இருந்தது. நடைமுறை விதிகளோ 1983 செப்டம்பரில்தான் வெளியாயின. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் எதை வைத்து ஆலை கட்டுவது? வந்த விதிகளிலும் பல 'உள் ஆவணம்' என்ற முத்திரையோடு அலுவலக அலமாரியிலேயே இருந்தன. வெளிநாட்டவர் கண்ணில் படாது. எழுதாத விதியையும் எழுதி மறைத்த விதியையும் விசாரித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இன்றைய ஆலோசகர் பிறந்தது இங்கேதான். எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹாங்காங்கில், கான்டனீஸும் ஆங்கிலமும் கணக்குவழக்கும் தெரிந்தவர்கள் ஏராளம். வெளிநாட்டு வக்கீல்களும் 1992 வரை சட்ட அலுவலகம் என்று பலகை மாட்ட முடியாமல் 'ஆலோசனை' என்ற பெயரில் காலம் தள்ளினார்கள்.

1986இல் இன்னொரு திருப்பம். முழுக்க வெளிநாட்டு முதலீட்டிலேயே கம்பெனி நடத்தலாம் என்று சட்டம் வந்தது. அதுவரை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் சீனப் பங்காளி. பங்காளி போனதும் அந்த அலைச்சலைக் கட்டணத்துக்குச் செய்ய ஆள் தேடினார்கள். உரிமத்தில் 'தொழில் வரம்பு' எப்படி எழுதுவது, பதிவு மூலதனம் எவ்வளவு காட்டுவது, எந்த மாவட்டத்தில் வரிச் சலுகை அதிகம் என்பதெல்லாம் ஆலோசகரின் பிழைப்பாயிற்று.

2020 ஜனவரி 1 முதல் பழைய சட்டங்கள் போய் ஒரே அன்னிய முதலீட்டுச் சட்டம். தடைப்பட்டியலில் இல்லாத தொழில் என்றால் தனி அனுமதி தேவையில்லை. அப்படியானால் ஆலோசகருக்கு வேலை போய்விட்டதா என்றால், ஷென்ஜெனிலேயே பதில் இருக்கிறது. அந்த 2020இலேயே அங்குள்ள சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் சைனாவின் இயக்குநர் குழு தலைமை நிர்வாகி ஆலன் வூவை நீக்கியது. அவர் நகரவில்லை. கம்பெனியின் சீல் அவர் கையில் இருந்தது. சீனாவில் கையெழுத்தைவிட அந்தச் சிவப்பு சீலுக்கே மதிப்பு. புதிய சட்டப் பிரதிநிதியைப் பதிவு செய்ய 2022 ஏப்ரல் ஆயிற்று.

அங்கே முதல் போடப் போகிறவர் ஆலோசகரிடம் வரிச் சலுகையைப் பிறகு கேட்கலாம். சீல் யாருடைய மேசை இழுப்பறையில் இருக்கும் என்பதை முதலில் கேளுங்கள்.