வில்லோ மட்டையும் தென்னை மட்டையும்

ஒரு பொருளின் சிறப்பை அதன் விலையிலே காண்போர் பலர். அதனை ஆக்கிய உழைப்பிலும் வரலாற்றிலும் காண்பதே நம் கடன். ஜிந்துப்பிட்டிச் சிறுவர் ஏக்கத்தோடு பேசும் வில்லோ கிரிக்கெட் மட்டையையும் நாம் அவ்வாறே நோக்குவோம்.

வில்லோ குளிர்நாட்டு மரம். இங்கிலாந்தின் எசெக்ஸ் போன்ற பகுதிகளின் ஈர நிலங்களிலே 15 முதல் 20 ஆண்டுகளுள் வெட்டும் பருவம் அடைகின்றது. எடை குறைவு, ஆயினும் பந்தின் தாக்குதலால் எளிதிற் பிளவாது. நல்ல மட்டையில் நார்வரிகள் நேராக ஓடும். எனினும், மரம் தானாகவே மட்டையாகிவிடாது. பிளந்து, உலர்த்தி, பேரழுத்தத்தால் முகத்தை இறுக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பதப்படுத்திய பின்னரே அது பந்தைத் தாங்கும். நல்ல மட்டையிற் பாதி மண்ணின் கொடை. மறுபாதி கைவினைஞனின் பொறுமை.

அதன் வடிவமும் ஆதிமுதல் இவ்வாறு இருக்கவில்லை. பந்து நிலத்திலே உருண்டு வந்த காலத்தில் மட்டை வளைந்த தடியாயிருந்தது. பந்து எழும்பி வரத் தொடங்கவே மட்டையும் நிமிர்ந்தது. 1771 இல் தோமஸ் வைட் என்பவர் விக்கெட்டை மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொணர்ந்தார். அதன் விளைவே இன்றுமுள்ள 4¼ அங்குல வரம்பு. 19ஆம் நூற்றாண்டிலே, அடியின் அதிர்ச்சி கையைத் தாக்காதிருக்கும்பொருட்டுக் கைப்பிடி பிரம்பாலாயிற்று. பிரம்புகளுக்கிடையே றப்பரும் புகுந்தது.

பிரம்பு தென்கிழக்காசியக் காட்டுப் பொருள். றப்பர் நாற்றுகளோ 1876 இல் இலங்கையின் ஹேனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவை. பின்னர் எழுந்த தோட்டங்களிலே பால்வெட்டியோருள் பலர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். அவ்விளைவைக் கப்பலேற்றிய கொழும்புத் துறைமுகத்தின் உழைப்பாளர் பலர் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தனர். ‘ஆங்கிலேய மட்டை’ என்பதன் கைப்பிடி, குடியேற்ற நாடுகளின் விளைபொருளன்றோ!

ஆட்டம் யாருக்கு உரியதாயிருந்தது? 1832 இல் தோன்றிய கொழும்பு கிரிக்கெட் கழகம் நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. 1899 இல் தமிழர் தமிழ் யூனியன் கழகத்தை அமைத்தனர். அக்கழகத்து மகாதேவன் சதாசிவம் 1948 இல் பிரட்மனின் ஆஸ்திரேலிய அணிக்கெதிரே இலங்கைக்குத் தலைமை தாங்கினார். அப்பெருமை நமக்கும் உரியதே. ஆனால் அதே 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவழித் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இனப்பெருமை மட்டும் பேசுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

காஷ்மீரத்து வில்லோவில் விலை குறைந்த மட்டைகள் செய்யப்படுகின்றன. 2021 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் மூங்கில் மட்டையொன்றை ஆக்கி, மூங்கில் வில்லோவினும் வலியதெனக் காட்டினர். ஆயின், மட்டையின் அடிக்கும் பகுதி மரமாகவே இருத்தல் வேண்டும் என்பது விதி, மூங்கிலோ புல்லினம். ஆட்டத்தின் சமநிலைக்கு விதி வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. வெப்பநாட்டு விளைபொருளுக்கும் ஏழை நாட்டுச் சிறுவனுக்கும் அவ்விதியிலே இடம் வேண்டுமென்றே கேட்கின்றோம்.

‘மட்டை’ என்னும் நம் சொல், தென்னைமட்டையையும் பனைமட்டையையும் குறிப்பது. தென்னைமட்டையைச் செதுக்கி ஆடும் சிறுவனுக்கு மொழி அளித்த இடத்தை மைதானம் இன்னும் அளிக்கவில்லை. பாடசாலைதோறும் பொதுச் செலவிலே நல்ல மட்டைகள் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் இக்கோரிக்கையை ஒருகுரலாய் எழுப்புக!