மரமும் எஃகும் ஒளியும்: கைவினை ரைஃபிள்களின் படவரலாறு

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முகங்களையும் நிலக்காட்சிகளையும் போர்க்களங்களையும் பற்றியே எழுதுகின்றனர். பொருள்களைப் படமெடுத்த வரலாறு அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆயினும் ஒளிப்படம் பிறந்தபோதே அதன் பயன்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது உடைமைகளைப் பதிவு செய்வதுதான். ஃபாக்ஸ் டால்பட் 1844ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் பென்சில்' என்னும் நூலில், அடுக்கி வைத்த பீங்கான் பாத்திரங்களின் படம் ஒன்று உண்டு. இவற்றைக் கள்வன் கொண்டுபோய்விட்டால், இந்தப் படம் நீதிமன்றத்தில் அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லுமா என்ற சிந்தனையை அவர் அங்கே எழுப்புகிறார். பொருளின் படம் ஒரு சாட்சி என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது.

எல்லாப் பொருளும் அவ்வாறு எளிதில் சாட்சிக்கு வந்து நிற்பதில்லை. ஒளிப்படக்காரரை மிகவும் சோதித்த பொருள்களுள் ஒன்று, அமெரிக்கக் கைவினைஞர் தனியொருவருக்கென்று செய்து தரும் வேட்டை ரைஃபிள். கொலைக்கருவி ஒன்றின் அழகைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசலாமா என்ற கேள்வி எழும். அக்கேள்வியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. இவ்வரலாற்றின் நடுவில் நிற்பதே அக்கேள்விதான் என்று கருதுகிறேன்.

முதலில் கைவினை ரைஃபிள் என்பது என்ன என்று பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் உலோகப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் முரட்டுக் கட்டையை நீக்கி, வால்நட் மரத்தில் புதுக்கட்டை செதுக்கிப் பொருத்தும் வழக்கம் உருவாயிற்று. தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா சென்றபோது இவ்வாறு மாற்றியமைத்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்றைக் கொண்டுசென்றார். நாவலாசிரியர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட்டுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லுட்விக் வுண்டாமர் செய்து தந்த ரைஃபிளும் இவ்வரிசையில் முக்கியமானது. 1923இல் நியூயார்க்கில் மரவேலை வல்லவரான சீமோர் கிரிஃபினும் உலோகவேலை அறிந்த ஜேம்ஸ் ஹோவும் சேர்ந்து கிரிஃபின் அண்ட் ஹோ நிறுவனத்தைத் தொடங்கினர். ஹோ சில மாதங்களிலேயே விலகிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்தது.

இவ்வகை ரைஃபிள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு படிதான். வாங்குபவரின் கையளவுக்கும் தோளளவுக்கும் ஏற்பக் கட்டை செதுக்கப்படுகிறது. மரத்தின் வரியோட்டம் இன்னொன்றில் அப்படியே அமைவதில்லை. செய்து முடித்ததும் அது ஒருவரது வீட்டுக்குள் சென்று மறைகிறது. ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்; இதனைப் பார்க்க வழியில்லை. எனவே செய்தவரின் புகழும், அவரிடம் கற்பவருக்கான பாடமும், நாளை வரலாறு எழுதுவோருக்கான சான்றும் படத்தையே சார்ந்து நிற்கின்றன.

ஒளிப்படம் பரவுவதற்கு முன்பே செதுக்குவேலைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். உலோகத்தில் செதுக்கிய கோடுகளில் மையோ கரியோ தடவி, அதன்மேல் தாளை அழுத்தி எடுத்தால் கோலம் தாளில் பதியும். ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கில் பணியாற்றிய எல். டி. நிம்ஷ்கே (1832-1904) தாம் செதுக்கிய துப்பாக்கிகளின் பதிவுகளை இவ்வாறு எடுத்து ஒரு புத்தகத்தில் ஒட்டிவைத்தார். 1965இல் ஆர். எல். வில்சன் அதனை நூலாக வெளியிட்டார். பெயர் பொறிக்காமல் விடப்பட்ட பல துப்பாக்கிகளுக்கு உரியவர் இவரே என்று அடையாளம் காண அந்நூல் உதவியது. தாளில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். ஆனால் அளவு சிறிதும் மாறாது. பொருளே தன் படத்தைத் தானே அச்சிட்டுத் தந்தது எனலாம். குறை ஒன்றுதான்: கோடு பதியும், ஆழம் பதியாது, உலோகம் பதியும், மரம் பதியாது.

மரத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு ஒளிப்படத்தின்மீது விழுந்தது. இங்கேதான் இடர்ப்பாடுகள் தொடங்கின. பழைய கண்ணாடித் தகடுகளின் வேதிப்பூச்சு நீல ஒளிக்கு விரைவில் இணங்கும், சிவப்பை உணராது. வால்நட் மரத்தின் செம்பழுப்பு நிறமோ அந்தப் பூச்சுக்கு ஏறத்தாழ இருட்டு. கைவினைஞர் தேடித் தேடி வாங்கிய மரத்தின் வரிகள் படத்தில் கருமையில் மூழ்கிவிடும். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை 1906இல் இலண்டனின் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் கறுப்பு வெள்ளைப் படத்தில் மரம் மரமாகத் தெரியும் வாய்ப்பு வந்தது. 1936இல் நிழற்படக் கருவிகளுக்கான கோடாக்ரோம் வண்ணச்சுருள் வந்தபின் மரத்தின் நிறமே படத்தில் ஏறத் தொடங்கியது.

எஃகின் சிக்கல் வேறு. மெருகேற்றி நீலங்கலந்த கருமை ஊட்டிய குழல் ஒரு வளைந்த கண்ணாடிக்குச் சமம். அதற்கென்று தனித்தோற்றம் குறைவு. சுற்றியுள்ளவற்றையே அது காட்டும். நேராக விளக்கைப் போட்டால் ஒரு வெள்ளைக்கீற்றும் சுற்றிலும் காரிருளும்தான் மிஞ்சும். ஆகவே தேர்ந்த படக்காரர் ரைஃபிளுக்கு ஒளியூட்டுவதில்லை. ரைஃபிள் எதனைப் பிரதிபலிக்க வேண்டுமோ அதற்கு ஒளியூட்டுகிறார். வெள்ளைத் துணியாலோ தாளாலோ சிறு கூடாரம் அமைத்து, அதன் வெளிப்புறத்தில் விளக்குகளை வைக்கிறார். குழலின்மேல் நீண்டு மென்மையாகச் செல்லும் ஒளிப்பட்டை உண்மையில் அந்தத் துணியின் நிழலுருவே. செதுக்குவேலையைக் காட்ட மட்டும் ஒரு விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். சாய்ந்த ஒளியில்தான் வெட்டின் ஆழம் புலப்படும்.

1930களில் எட்வின் லாண்டின் கண்டுபிடிப்பால் ஒளியை ஒருதிசைப்படுத்தும் வடிகட்டி படக்காரர் கைக்கு வந்தது. எண்ணெய் பூசிய மரத்தின்மேல் படியும் பளபளப்பை அது நீக்கிவிடும். உள்ளிருக்கும் வரியோட்டம் தெளிந்து வரும். ஆனால் உலோகத்தின்மேல் அது மட்டும் தனித்துப் பயன்படாது. விளக்குக்கும் அதே வடிகட்டியை இட்டால் உலோகத்தின் கூச்சமும் அடங்கும். கூடவே உலோகத்தின் உயிரும் அடங்கிவிடும். மரத்துக்கு நன்மை செய்வது எஃகுக்குத் தீங்காகிறது. ஒரே சட்டகத்துள் இரண்டையும் வாழவைப்பதே இக்கலையின் கடினம்.

நீளமும் ஒரு சிக்கல். ரைஃபிளின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல், அகலமோ கையளவு. முழுவதையும் ஒரு பக்கத்தில் அடக்கினால் நுட்பங்கள் மறைகின்றன. சாய்த்து வைத்தால் அருகிலுள்ள பகுதி கூர்மையாகவும் தொலைவிலுள்ள பகுதி மங்கலாகவும் வரும். ஆஸ்திரியரான தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, வில்லையின் தளத்தைச் சாய்த்துச் சாய்ந்த பொருள் முழுவதையும் கூர்மையாக்கலாம். பெரிய துருத்திக் கேமராக்கள் ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எண்முறைக் கேமராவின் காலத்தில், வெவ்வேறு தொலைவுகளில் குவித்தெடுத்த பல படங்களைக் கணினியில் இணைத்து அதே பயனைப் பெறுகின்றனர்.

இப்படங்கள் வெறும் பதிவாக நின்றுவிடவில்லை, ரசனையையும் உருவாக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராய் வெதர்பியின் கலிஃபோர்னியப் பாணி கண்ணாடிபோல் மின்னும் பூச்சோடும் பதிகல் வேலைப்பாடுகளோடும் பரவியது. அதற்கு எதிர்முனையில் நின்றவர் ஜாக் ஓ'கானர் (1902-1978). அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், நாவல்கள் எழுதியவர், பின் 'அவுட்டோர் லைஃப்' இதழில் துப்பாக்கிப் பகுதியின் ஆசிரியராக இருந்தவர். ஸ்போகேன் நகரின் ஆல் பீசன் அவருக்குச் செய்த ரைஃபிள்கள் அடக்கமானவை: எண்ணெய்ப் பூச்சு, நேர்க்கோடுகள், பிடிக்குமிடத்தில் நுண்ணிய கட்டக் கீறல்கள். அவற்றை நேரில் கண்டவர் சிலரே. இதழிலும் நூல்களிலும் கண்டவரோ ஏராளம். இன்று செவ்வியல் பாணி என்று அமெரிக்கர் சொல்வது பெருமளவும் அச்சுத்தாளில் பார்த்துக் கற்ற பாணிதான். 1983இல் அமெரிக்கக் கைவினைத் துப்பாக்கியாளர் சங்கம் அமைந்தபின் நல்ல படம் என்பது தொழிலின் ஓர் அங்கமாகவே ஆயிற்று. ஸ்டீவன் டாட் ஹியூஸ் போன்றோர் துப்பாக்கி செய்வதோடு தாமே கேமராவையும் கையில் எடுத்தனர்.

இங்கே நேர்மை பற்றிய கேள்வி வருகிறது. கைவினைஞரின் திறன் மரமும் எஃகும் சந்திக்கும் கோட்டில்தான் அளக்கப்படுகிறது. அங்கே மயிரிழை இடைவெளியும் இருத்தலாகாது. பழைய விலைப்பட்டியல் படங்களில் காற்றுத்தூரிகை கொண்டு குறைகளை மறைத்தனர். இன்று கணினியில் ஒரு நொடியில் மறைக்கலாம். தூசியைத் துடைப்பது வேறு, இடைவெளியை அடைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யும் படம் சாட்சியாகாது, பொய்ச்சாட்சியாகும்.

அதனினும் ஆழமான மறைப்பு ஒன்று உண்டு. ஸ்டூடியோப் படத்தில் வெண்பின்னணியில் மிதக்கும் ரைஃபிளுக்கு வேட்டையில்லை, குருதியில்லை, விலங்கில்லை. அதற்கு எதிரானது வேட்டைப்படம். ஹெமிங்வே 1930இல் கிரிஃபின் அண்ட் ஹோவிடம் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கினார். 1933-34 ஆப்பிரிக்கப் பயணத்தில் அது அவருடன் சென்றது; 1935இல் வந்த 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' நூலில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பயணத்தின் படங்களில் வீழ்ந்த விலங்கும் வெற்றிமுகமும் தெரிகின்றன. துப்பாக்கி ஓரத்தில் எங்கோ சாய்ந்து கிடக்கிறது. ஆனால் சில்வியோ கலாபியும் இருவரும் 2010இல் வெளியிட்ட 'ஹெமிங்வேயின் துப்பாக்கிகள்' என்னும் ஆய்வு, கடிதங்களோடும் ஆவணங்களோடும் அத்தகைய கவனமற்ற படங்களையும் நுணுகிப் பார்த்துத்தான் எது எந்தத் துப்பாக்கி என்று கண்டறிய முயன்றது.

ஸ்டூடியோப் படம் பொருளை முழுவதும் காட்டி, அது யாருடையது, என்ன செய்தது என்பதை மறைக்கிறது. வேட்டைப்படம் செய்கையைக் காட்டி, பொருளை மறைக்கிறது. கைவினையை மதிக்கும் ஒருவர் முதலாவதைப் பார்த்துக் கைகூப்பலாம். உயிரை மதிக்கும் ஒருவர் இரண்டாவதைப் பார்த்து முகம் திருப்பலாம். வரலாற்றை எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. இரண்டு படங்களையும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும். டால்பட் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்: படம் சாட்சி சொல்லும், ஆனால் எந்தச் சாட்சியும் தனியாக முழு உண்மையைச் சொல்வதில்லை.