ஐஸ் டீ யாருடைய பானம்?

சித்திரை வெயிலில் பவானிசாகர் அணைக்குப் போகும் நம் அன்னூர்க்காரர்கள் முன்பெல்லாம் கட்டுச்சோற்றோடு தூக்குப்போசியில் மோர் கொண்டுபோவார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் ஐஸ் டீ கேட்கிறார்கள். "அது வெள்ளைக்காரன் பானமுங்க" என்று முகம் சுளிக்கும் என் வயது நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. ஐஸ் அப்படித்தான் வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றியவர். 1833-ல் அவருடைய ‘டஸ்கனி’ கப்பல் நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தா வந்தது. ஏற்றியது 180 டன், மிஞ்சியது சுமார் 100 டன். 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. துரைமார்களின் கோப்பைக்குத்தான் அந்த ஐஸ். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

தேயிலையின் கதை வேறு. அது நமக்கு வடமேற்கே தெரிகிற நீலகிரியில் விளைவது. 1835-ல் சீனத் தேயிலைச் செடிகள் ஊட்டிக்கு அருகே கேத்தி சோதனைப் பண்ணைக்கு வந்தன. அடுத்த ஆண்டே பண்ணை மூடப்பட்டது. அந்தக் கட்டடம் புதுவை பிரெஞ்சு ஆளுநர் சேன் சிமோன் பிரபுவின் கைக்கு வந்தது. அவரோடு வந்த தாவரவியலாளர் பெரோத்தே, கேட்பாரற்றுக் கிடந்த செடிகளைப் பேணிப் பிழைக்க வைத்தார். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் பிரான்சு நாட்டு ஆறுகளையெல்லாம் வரிசையாக ஒப்பித்தோம். பெரோத்தே பெயர் எங்கள் பாடத்தில் இல்லை.

பாடத்தில் இல்லாதவர்கள் இன்னும் உண்டு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகத் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பின்னாளில் டான்டீ ஆனது. நாம் குடிக்கும் நீலகிரித் தேநீரில் அந்தக் கைகளின் உழைப்பும் இருக்கிறது.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, நான்கு டீஸ்பூன் இலைத் தேயிலை போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். மேலே போனால் துவர்க்கும். சர்க்கரையைச் சூட்டிலேயே கரையுங்கள். வெளியில் ஆறிய பிறகே ஃபிரிட்ஜில் வையுங்கள். சுடச்சுட வைத்தால் கலங்கிவிடும். கலங்கினாலும் கெடுதல் இல்லை, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும். எலுமிச்சைச் சாறும் புதினாவும் கடைசியில். ஐஸை பிளாஸ்கில் தனியாகக் கொண்டுபோங்கள். குடிதண்ணீரில் உறைய வைத்ததாக இருக்கட்டும்.

பாஸ்டன் ஐஸ் இல்லை, துரையும் இல்லை. தண்ணீர் நம்முடையது, இலை நம் மலையுடையது. இனி அதை வெள்ளைக்காரன் பானம் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லைங்க.