விட்டுக்கொடுக்கும் கயிறு – ஒரு வரலாற்று நோக்கு

மலையேற்ற வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சிகரங்களின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். ஏறியவனின் இடுப்பிற் கட்டியிருந்த கயிற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைக் கூறப் புகுந்தோரும் 1940களில் நைலோன் கயிறு வந்தமையாலேயே வீழ்ந்தவன் உயிர்தப்பலானான் எனக் கூறி அமைவர். இது முழு உண்மையன்று. கருத்து முன்னரே தோன்றிவிட்டது. பொருளே பிந்தி வந்தது.

1865 யூலை 14இல் மற்றர்ஹோர்ண் சிகரத்தை முதன்முதலில் அடைந்து இறங்கிய எட்வேட் விம்பர் குழுவினர் எழுவருள் ஒருவர் வழுக்கி வீழ்ந்தார். அவரோடு மூவர் இழுபட்டனர். கயிறு அறுந்தது; நால்வரும் மாண்டனர். எஞ்சியோர் அதனை வேண்டுமென்றே அறுத்தனரோ என்ற ஐயமே நெடுங்காலம் பேசப்பட்டது. அறுந்தது குழுவினரிடமிருந்த கயிறுகளுள் நலிந்தது என்பதும் பேசப்பட்டது. வலிய கயிறாயின் ஏனைய மூவரும் உடன் வீழ்ந்திருக்கலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முன் ஏறுபவன் வீழவே கூடாது என்ற விதியே அடுத்த தலைமுறைகளை ஆண்டது.

வீழ்பவனின் சக்தி எங்கேனும் செலவாதல் வேண்டும். 4 மீற்றர் வீழ்ந்தவனை அரை மீற்றரில் நிறுத்தினால், கயிற்றிலெழும் சராசரி விசை அவனது நிறையின் 9 மடங்கு. 2 மீற்றரில் நிறுத்தினால் 3 மடங்கே. சணல் முதலிய நார்க்கயிறுகளோ அதிகம் நீளாதவை. பாறையிலறைந்த ஆணியும் அத்தகைய விசையைத் தாங்குமென நம்புதற்கில்லை.

1930களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பேக்லி நகரில் றிச்சார்ட் லெனாட் என்பாரும் நண்பர்களும் இதற்கொரு வழி கண்டனர். புதிய கருவி எதுவும் அவர்களிடமில்லை. தடுப்பவர் கயிற்றைத் தம் இடுப்பைச் சுற்றி வளைத்து, வீழ்ச்சி நேர்ந்ததும் உடனே இறுக்காது, சிறிது வழுகவிட்டுப் படிப்படியாக நிறுத்தினார். கயிறு தராத நெகிழ்ச்சியை உராய்வு தந்தது. இதனைக் கற்கும் பொருட்டு அவர்கள் கிரக்மொன்ற் பாறையிலிருந்து வேண்டுமென்றே வீழ்ந்து பழகினர். பழைய விதியில் ஊறியோர்க்கு இது விபரீத விளையாட்டாகவே தோன்றியிருக்கும். 1934இல் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் உயர் கதீற்றல் ஸ்பயரை முதன்முதலில் ஏறிய மூவருள் லெனாட்டும் ஒருவர்.

யுத்தகாலத்தில் நைலோன் கயிறு மலையேறிகளின் கைக்கு வந்தது. 1946இல் லெனாட்டும் ஆணல்ட் வெக்ஸ்லரும் தம் முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். 1950இல் வெக்ஸ்லர், கயிறே வீழ்ச்சியைத் தாங்குமிடத்து, உச்ச விசையை நிர்ணயிப்பது வீழ்ந்த உயரம் மட்டுமன்று, அவ்வுயரத்துக்கும் கயிற்றின் நீளத்துக்குமுள்ள விகிதமே எனக் கணித்துக் காட்டினார். பேக்லியிற் கைகள் கற்றது இவ்வாறு ஏட்டிலேறியது. அறுந்த மற்றர்ஹோர்ண் கயிறு இன்றும் சேர்மற் நூதனசாலையில் உள்ளது. பேக்லியில் வழுகிய கயிற்றைப் பேணுவாரில்லை. கைத்திறன் காட்சிப்பொருளாகாமையே அது வரலாற்றில் இடம்பெறாமைக்குக் காரணம் போலும்.

பின்னர் தனிக்கயிறொன்று 80 கிலோகிராம் சுமையின் சோதனை வீழ்ச்சியில் 12 கிலோநியூற்றனுக்கு மேற்பட்ட விசையைக் கடத்தலாகாது என்பது சர்வதேச நியமமாயிற்று. மிகை விசையில் தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சக்தியை விழுங்கும் பட்டிகளும் வந்தன. பனிக்கட்டியிற் செருகிய ஐயத்துக்கிடமான பிடிகளில் அவை மாட்டப்படுகின்றன. பட்டி கைவசமில்லாத வேளையில், தேர்ந்த தடுப்பாளர் இன்றும் கயிற்றைச் சில அடி வழுகவே விடுகிறார்.