நேராகப் போகாத படகு

கயாக் என்பது கிரீன்லாந்து இன்யூட் மக்களின் சொல். மரத்திலோ எலும்பிலோ சட்டகம் கட்டி, மேலே சீல் தோலை இழுத்துத் தைத்த ஒற்றை ஆள் படகு. வேட்டைக்கானது. அதில் யாரும் பந்தயத்துக்காகப் போகவில்லை, சாப்பாட்டுக்காகப் போனார்கள். 1865-ல் ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வக்கீல், லண்டனில் அந்த வடிவத்தை ஒட்டி 15 அடி நீளத்தில் ஓக் மரப் படகு ஒன்றைச் செய்யச் சொன்னார். ‘ராப் ராய்’ என்று பேர் வைத்து, ஐரோப்பிய ஆறுகளில் தனியாகச் சுற்றிவிட்டு வந்து புத்தகம் எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1866-ல் லண்டனில் கனூ கிளப் வந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் பதக்கப் போட்டி வந்துவிட்டது. வேட்டைக்காரனின் வாகனம் விளையாட்டு வீரனின் வாகனமாக மாற 70 வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொண்டது இந்த மெக்ரெகர் பரம்பரையில்தான். வாரம் ஐந்து நாள் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் கோட் எழுதுபவன், சனிக்கிழமை விடியற்காலையில் கர்நாடகப் பக்கத்து ஏரி ஒன்றில் கயாக்கில் உட்காருவான். பந்தயத்துக்கான ஒற்றையர் கயாக்கின் நீளம் அதிகபட்சம் 5.2 மீட்டர், எடை குறைந்தபட்சம் 12 கிலோ. ஊசி மாதிரி இருக்கும். முதல் மாதம் எல்லாரும் கவிழ்வார்கள். பிறகு ஒரு நாள் இடுப்பு தானாகவே பேலன்ஸைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: 200, 500, 1000 மீட்டர், நேர்க்கோட்டில், எவ்வளவு வேகம்.

ஊரிலேயே கெலவரப்பள்ளி அணை இருக்கும்போது கர்நாடகாவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அணையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு ஓசூர் எல்லைக்குள் வருகிறது. அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை மலை மாதிரி எழும்புகிறது. காற்றடித்தால் பறந்துபோய் வயலில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் படகுப் பயிற்சி செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிக்க மட்டும் 2013-லிருந்து வேறு ஆறு வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி. 2008-ல் அதற்கு அடிக்கல் நாட்டியபோது எல்லையின் இரண்டு பக்கமும் நடந்த கூத்து பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தக் காவிரியைப் பார்க்கத்தான் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பாதையில் ஒகேனக்கல் போனேன். பரிசலில் ஏறின ஐந்தாவது நிமிடத்தில், எனக்குத் தெரிந்த துடுப்பு சாஸ்திரம் எதுவும் அங்கே செல்லாது என்று புரிந்தது. கயாக்குக்கு மூக்கு உண்டு, வால் உண்டு. நீளம்தான் அதை நேராகப் போக வைக்கிறது. பரிசலுக்கு எதுவுமே கிடையாது, வட்டம். பக்கவாட்டில் துடுப்பு போட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். ஓட்டுபவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, துடுப்பை எதிரே குத்தி, தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். இடது ஒன்று, வலது ஒன்று. படகைத் தள்ளுவதில்லை, ஆற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். அது ஒரு இன்ஜினியரிங் குறைபாடு என்று நினைப்பவர்கள், பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றைப் பார்த்ததில்லை. மூக்குள்ள படகு பாறையில் மோதினால் குறுக்கே மாட்டும், கவிழும். பரிசல் மோதினால் சுழன்று விலகிக்கொள்ளும். அரை அடித் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம்.

மூங்கில் பிளாச்சில் பின்னி, மேலே மாட்டுத் தோல். பிறகு தோல் போய் பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் வந்தன, இப்போது ஃபைபரும் வந்துவிட்டது. ஆனால் வடிவம் மாறவில்லை. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், ஆனேகொந்திப் பக்கம் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்: கூடை மாதிரி வட்டப் படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேரை ஏற்றும், குதிரையும் மாடும்கூடப் போகும், எப்போதும் சுற்றிக்கொண்டே போகும். இந்த ராஜ்யத்தில் ஓடைகளில் வேறு படகே கிடையாது என்றும் சொல்கிறார். ஐநூறு வருஷத்துக்குப் பிறகு ஒகேனக்கல்லில் செல்ஃபி எடுப்பவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள்.

பரிசலை வேடிக்கையாகப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். 1799-ல் திப்புவை முடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை நம்ம ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. அதில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1803-ல் மராத்தியர்களோடு சண்டைக்குப் போனபோது, மழைக்காலத்து ஆறுகளைக் கடக்கக் கூடைப் படகுகளைத் தயார் பண்ணச் சொல்லி உத்தரவுகள் எழுதினார். பின்னால் வாட்டர்லூவில் ஜெயித்த அதே ஆள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1930-களில் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி விரிவாக எழுதினார். அதாவது பரிசல் ராணுவக் குறிப்பில் ஏறியது, மானுடவியலில் ஏறியது. விளையாட்டில் மட்டும் ஏறவில்லை.

கன்னடத்தில் இதற்கு ஹரிகோலு என்று பெயர். நம்ம பகரம் அங்கே ஹகரமாகும் — பால் ஹாலு, பல் ஹல்லு, புகை ஹொகெ. ஹொகெ-யிலிருந்துதான் ஒகேனக்கல், புகையும் பாறை. பரிசலின் ‘பரி’யும் ஹரிகோலின் ‘ஹரி’யும் ஒரே வேர் என்பது என் கட்சி. எல்லைக்கோடு போடுவதற்கு ரொம்ப முந்தியே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த படகு இது.

ஏன் விளையாட்டில் ஏறவில்லை? மெக்ரெகர் மாதிரி காசும் ஓய்வும் உள்ள ஒருத்தர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது பாதி பதில்தான். பந்தயம் என்பதே நேர்க்கோட்டு அளவு. அந்த அளவுகோலுக்குப் பரிசல்காரரின் திறமை தெரியாது. ஏரிக்காரர்களுக்காவது வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் 1000 மீட்டர் இரட்டையர் கனூவில் வெண்கலம் வாங்கினார்கள். 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் முதல் ஆசியப் பதக்கம். சுனில், மணிப்பூரின் லோக்தாக் ஏரிப் பகுதியைச் சேர்ந்தவர். லோக்தாக்கின் படகும் நீளமானது, அதனால் கைப்பழக்கம் அப்படியே மாறும். ஒகேனக்கல் பையனின் கைப்பழக்கம் எந்தப் போட்டிக்கு மாறும்?

எங்களை ஏற்றிப்போன அண்ணனிடம் கேட்டேன், “ரேஸ் வெச்சா ஜெயிப்பீங்களாண்ணே?”

“நேரா போறதுல என்னங்க சார் இருக்குது? எந்தப் பாறைகிட்ட சுழி இருக்குதுன்னு தெரியணும். தண்ணி ஏற ஏற சுழி இடம் மாறும்.”

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். நம்ம மாவட்டத்து எல்லையில், அஞ்செட்டிக்கு அப்பால் இருக்கிற மத்திய நீர் ஆணைய நிலையம். காவிரித் தீர்ப்பின் கணக்கெல்லாம் அங்கேதான்: 2007-ல் 192 டி.எம்.சி., 2018-ல் உச்ச நீதிமன்றம் குறைத்தது 177.25. அங்கே கன அடி கூடினால் டெல்டாவில் சந்தோஷம், ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை. தடை சரியானதுதான், உயிர்ப் பிரச்சனை. ஆனால் ஆறு நிறைந்து ஓடும் வாரமெல்லாம் ஆற்றைத் தெரிந்தவனுக்குக் கூலி இல்லை. அந்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்றதற்கு, “கெடச்ச வேலைக்குப் போறதுதான்” என்றார். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறானாம். அவனுக்குப் பரிசல் ஓட்டத் தெரியுமா? “கத்துக் குடுக்கலைங்க.”

காரில் என் துடுப்பு கிடந்தது. கார்பன் ஃபைபர், இரண்டு பக்கமும் இலை, இறக்கை மாதிரி வளைந்தது. எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார், இலையை விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டார்.

“பாறையில குத்தினா தாங்காதுங்களே” என்று திருப்பிக் கொடுத்தார்.